துவைக்காத துணி

எங்க வீட்டுக்காரரைப் பத்தி எனக்குக் கோள் சொன்னது மனுசங்க யாரும் இல்ல. ஒரு பூச்சி. நகத்தளவுதான் இருக்கும். அதுக்கு வாய்கூடக் கிடையாது. வாய் இருக்கிறவங்க எஸ்டேட் முழுக்க இருந்தாங்க, ஒருத்தியும் மூச்சு விடல. அந்தப் பூச்சிதான் வந்து சொல்லுச்சு, அதுவும் ஊரையே கூட்டி வச்சு.

இருங்க, முதல்ல பூச்சி யாருன்னு சொல்லிடறேன். இல்லன்னா பவுனுத்தாய்க்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைப்பீங்க.

தேயிலைக் காட்டுல கொழுந்து பறிக்கிற எங்களுக்குச் சுள்ளிப்புழுவை நல்லாத் தெரியும். இலையைத் தின்னுட்டு, குட்டிக் குட்டிக் குச்சியா நறுக்கித் தன்னைச் சுத்தி அடுக்கி, நூலால இழுத்துக் கட்டிக்கிட்டு, அந்த வீட்டோடவே நகந்து போகும். செடியில தொங்குறப்போ யாரோ பொம்மைக்கு விறகுக்கட்டு கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கையில ஆம்பிட்டா நசுக்கிப் போடுவோம். நாங்க பறிக்க வேண்டிய கொழுந்தை அது தின்னா விடுவோமா?

முந்தி ஒரு ஆடி மழையில எங்க குதிரைமேடு எஸ்டேட்டு மேல்லயத்துக்குப் பின்னாடி மலை சரிஞ்சுச்சு. லயம்னா நாங்க குடியிருக்கிற வரிசை வீடுங்க. யாரு எங்க கிடக்காங்கன்னே தெரியல. இங்க தோண்டு, அங்க தோண்டுன்னு தோண்டிக்கிட்டே இருந்தாங்க. வெளிய எடுத்தப்போ ஒருத்தருக்கும் உயிர் இல்ல. ஈர மண்ணுல மோப்ப நாய்க்கே மூக்குக் குழம்பிப் போச்சாம். அந்தச் சாவுக்கு அப்புறம்தான் கோயம்புத்தூர்ல இருந்து ஆராய்ச்சிக்காரங்க பெட்டியோட வந்தாங்க. பெட்டிக்குள்ள என்ன? நாங்க நசுக்கிப் போடுற அதே சுள்ளிப்புழு.

வந்தவங்கள்ல பெரியவங்க வண்டார்குழலி மேடம். சின்ன வயசுதான், முகத்துல கண்ணாடி, கால்ல ரப்பர் பூட்ஸ். பெரட்டுக்களத்துல, அதான் காலையில பேர் கூப்பிட எங்களை நிக்க வைக்கிற இடத்துல, எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னாங்க.

"இதுல ஆண்பூச்சிக்கு மட்டும்தான் இறக்கை. பொம்பளைப்பூச்சிக்கு இறக்கையும் இல்ல, ஒழுங்கான காலும் இல்ல. வளர்ந்த சுள்ளிக்கூட்டுக்குள்ளேயே கிடந்து, அதுக்குள்ளேயே முட்டை வச்சு, அங்கேயே செத்துடும். உள்ள இருந்து ஒரு வாசனை மட்டும் விடும். ஆண்பூச்சி எவ்வளவு தூரத்துல இருந்தாலும் அந்த வாசனையைப் பிடிச்சு வந்துடும்."

"பொம்பளை வீட்டுக்குள்ள கிடக்கிறதும் ஆம்பளை ஊர் சுத்துறதும் எங்களுக்குத் தெரியாதா மேடம்? இதைச் சொல்லவா கோயம்புத்தூர்ல இருந்து வந்தீங்க?"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. என்னோட கொழுந்து பறிக்கிற அமலோற்பவம் அக்காதான் ரொம்பச் சத்தமாச் சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்சது எனக்குப் பெருமையா இருந்துச்சு. இன்னைக்கு நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

மேடமும் சிரிச்சுட்டுத்தான் மீதியைச் சொன்னாங்க. "நாங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணு. பொம்பளைப்பூச்சி வாசனைக்குன்னு அதோட மூளையில ஒரு இடம் இருக்கு. முட்டையா இருக்கிறப்பவே அந்த இடத்தைக் காலி பண்ணிட்டோம். அப்புறம் புழு எந்த வாசனையோட வளருதோ, அந்த வாசனை அங்க போய் உக்காந்துக்கும். கூடு கட்டி, பூச்சியா மாறினாலும் மறக்காது. அது சாகிற வரைக்கும் தேடிப் போறது அந்த ஒரு ஆளைத்தான். மண்ணுக்குள்ள கிடந்தாலும் விடாது."

"அப்ப அது தன் பொண்டாட்டியைத் தேடுறதாத்தானே நினைச்சுக்கிட்டுப் போகும்? பாவமில்லையா மேடம்?"

இப்படிக் கேட்டது எங்க வீட்டுக்காரரு, தவசிமுத்து. ஃபேக்டரியில பச்சை இலையை வாட வைக்கிற மாடியில அவருக்கு வேலை. புழு பூச்சிக்கெல்லாம் பாவம் பாக்கிற மனுசன். பேரைச் சொல்லிட்டேன் பாத்தீங்களா? முன்னெல்லாம் புருசன் பேரு என் வாயில வராது. இப்ப வருது. எப்படி வந்துச்சுன்னு பின்னால சொல்றேன்.

மேடம் மறைக்கல. "ஏமாத்துறோம்தான்"னாங்க. "ஆனா உங்களுக்காக."

ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ரெண்டு ஆண்புழு, ஒத்திகைக்கு ஒண்ணு, மழைக்காலத்துக்கு ஒண்ணு. யாரு பேருக்குப் பெட்டியோ அவங்க உடம்புல போட்டுக் கழட்டின துணியை, துவைக்காம, உள்ள விரிக்கணும். சோப்புப் பட்டா எல்லாம் கெட்டுப்போகும். புழு கூட்டை அடைச்சுக்கிட்டுத் தூங்கினதும் எடுத்துக் குளிர்ப்பானையில வச்சிடணும். அது பானைக்குள்ள பானை, நடுவுல ஈர மணல். மழைக்காலம் முழுக்க அப்படியே தூங்கும். வேணுங்கிறப்போ உள்ளங்கையில பொத்திச் சூடு காட்டினா முழிச்சு வெளிய வரும். அப்புறம் அதுக்கு ரெண்டு நாள் ஆயுசு. வாய்தான் இல்லையே, என்னத்தைத் தின்னு உயிரோட இருக்கும்?

என் பெட்டியில நான் கொழுந்து பறிக்கப் போறப்போ கட்டுற தலைத்துண்டைப் போட்டேன். அவரு பெட்டிக்குக் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருந்த பழுப்புச் சட்டை. முழுக்கைச் சட்டை. கொஞ்ச நாள் காணாமப் போயிருந்துச்சு. கேட்டதுக்கு ஃபேக்டரியில மறந்து வச்சுட்டேன்னாரு. திரும்பி வந்தப்போ அறுந்த பொத்தானெல்லாம் புதுசாத் தெச்சிருந்துச்சு. ஃபேக்டரியில கூட வேலை செய்றவன் தெச்சுக் குடுத்தான்னாரு. நானும் மண்டையை ஆட்டினேன். எந்த ஃபேக்டரிக்காரன் அவ்வளவு நேர்த்தியா, நூலை அத்தனை சுத்துச் சுத்தி முடிச்சுப் போடுவான்னு எனக்குத் தோணல.

அந்தப் புழுவுக்கு நான் பாத்த பணிவிடை இருக்கே! காலையில எந்திரிச்சதும் இளங்கொழுந்தா கிள்ளிப் போடுவேன். கழிச்சுப்போட்டதைக் கோழியிறகால கூட்டுவேன். அதுக்குத் தவசின்னு பேரும் வச்சேன். புருசன் பேரைத்தான் சொல்லக் கூடாது, புழு பேரைச் சொல்லலாம்ல. "ஏண்டா தவசி, இன்னும் தின்னாம என்னடா பண்ற?"ன்னு கேட்டா அவரு கட்டில்ல படுத்துக்கிட்டுச் சிரிப்பாரு.

சித்திரையில ஒத்திகை வச்சாங்க. பெரட்டுக்களத்துல தகரம், சாக்கு, தேயிலைக் கூடை எல்லாத்தையும் குவிச்சு, பாதிப் பேரை அதுக்குப் பின்னாடி ஒளிய வச்சாங்க. ஒவ்வொரு கூடாக் கையில பொத்திப் பொத்தி எழுப்பினாங்க. அப்பத்தான் அந்தப் பூச்சியை முழுசாப் பாத்தேன். அடுப்புச் சாம்பல் நிறம். இறக்கை ஓரத்துல நிறமே இல்ல, அந்தப் பக்கம் தெரியும். உடம்பெல்லாம் பூனை முடி. தலையில ரெண்டு சீப்பு வச்ச மாதிரி மீசை. அந்த மீசைதான் மூக்காம். இத்தனூண்டு உருவத்துக்கு அம்மாம்பெரிய மீசை, பாத்தாலே சிரிப்பு வரும்.

என் பூச்சி எழும்பி, யாரையும் பாக்காம நேரா வந்து என் நெத்தியில உக்காந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குப் பொட்டு வச்சுவிட்ட மாதிரி பெருமை. அடுத்து அவரு பூச்சி. என் தவசி. அவரு ஒளிஞ்சிருந்த தகரத்துக்கு மேல போச்சு. நிக்கல. தாண்டிப் போச்சு. பொம்பளைங்க உக்காந்திருந்த பக்கம் வந்துச்சு. என்கிட்டதான் வருதுன்னு நினைச்சேன், சத்தியமா. என் தோளை உரசிக்கிட்டு எனக்குப் பின்னாடி போய், அமலோற்பவம் கழுத்துல உக்காந்துச்சு.

யாரோ களுக்குன்னு சிரிச்சா.

"மேடம், பெட்டி மாறிப்போச்சா?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா, பேர் ஒட்டியிருக்கே. தவசிமுத்துதான்." பாவம், அவங்களுக்கு ஒண்ணும் புரியல. "துணியில வேற யாரோட வேர்வையோ அதிகமா இருந்திருக்கும். கடைசியா யாரு ரொம்ப நாள் போட்டாங்களோ அவங்க வாசனையைத்தான் புழு பிடிச்சுக்கும். அந்தச் சட்டையை அவங்க போட்டிருந்தாங்களா?"

கொழுந்து பறிக்கப் போற பொம்பளைங்க சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய சட்டையை மாட்டிக்குவோம். குளிருக்கும் ஆச்சு, செடி கீறாமலும் இருக்கும். ஊருல எவளும் அடுத்தவ புருசன் சட்டையை மாட்ட மாட்டா. அது மேடத்துக்குத் தெரியாது. களத்துல இருந்த மீதி அத்தனை பேருக்கும் தெரியும்.

அமலோற்பவம் கழுத்தைத் தொடக்கூட இல்ல, அப்படியே உக்காந்திருந்தா. அவளோட ரெண்டு புழுவும் செத்துப்போச்சுன்னு முன்னாடியே மேடத்துக்கிட்ட சொல்லியிருந்தா. அதனால அவ பூச்சியை யாரும் பறக்க விடல.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். "மழையில நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நின்னா, குடுத்தேன்"னாரு.

"ஒரு நாள் மழையா? ரொம்ப நாள் போட்ட வாசனைதான் ஏறுமாம். மேடம் சொன்னது கேக்கலையா?"

"திருப்பிக் குடுக்க மறந்திருப்பா."

"பொத்தானை மட்டும் மறக்காம தெச்சாளாக்கும்?"

அந்த மனுசன் பொய் சொல்லியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். பேசாம சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

அவ வீட்டுக்கும் போனேன். அவ புருசன் திருப்பூருக்குப் போனவன், போனவன்தான். தனிக்கட்டை. என்னைப் பாத்ததும் மாதா சிலை இருக்கிற கெபிக்குக் கூட்டிட்டுப் போய், மாதா கால்ல கை வச்சா. "பவுனு, எங்களுக்குள்ள ஒண்ணும் கிடையாது. மாதா சத்தியம்"னா. நான் அவளைப் பொய்க்காரின்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அன்னைக்கோட அக்கான்னு கூப்பிடுறதை விட்டேன்.

என்ன இருக்கு அவகிட்ட? என்னைவிட மூப்பு. முன்பல்லு உடைஞ்சிருக்கும். ஏறு வெயில்ல இளைப்பு வந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவா. பகல் முழுக்கக் கொழுந்தைக் கிள்ளிக்கிட்டே இதையே யோசிப்பேன். பக்கத்து வரிசையில அவளும் கிள்ளிக்கிட்டிருப்பா. அவ கை வேகமா ஓடினா, யாரை நினைச்சுக்கிட்டு இந்த வேகம்னு தோணும். மெதுவா ஓடினா, யாரை நினைச்சு இந்த மயக்கம்னு தோணும். எல்லாத்தையும்விட என்னை அரிச்சது இன்னொண்ணு. என் வீட்டுல, என் கையால, கொழுந்து கிள்ளிப் போட்டு, செல்லப் பேரும் வச்சு, அவளைத் தேடிப் போற பூச்சியை நானே வளத்திருக்கேன். மிச்சமிருந்த ரெண்டாவது கூட்டைக் குளிர்ப்பானையில இருந்து எடுத்துக் கோழிக்குப் போட்டேன். கோழி ஒரே கொத்துல முழுங்குச்சு. கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

அவருக்கு வேற புழு கேட்டேன். மழைக்காலம் முடிஞ்சுதான் அடுத்த முட்டை பொரியும்னு சொல்லிட்டாங்க. "மழையில கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க"ன்னு மேடம் அவருகிட்டச் சொன்னாங்க. நான் அவரோட பேசுறதே இல்ல. என் துணியை அவரு துணியோட ஒரே கொடியில காயப்போடுறதுகூட இல்ல.

ஆடி பிறந்துச்சு. மழை பிடிச்சா விடவே இல்ல. மலைமேல இருந்து செந்தண்ணி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. ஒரு மதியம், சோத்தை வடிச்சுக்கிட்டிருக்கேன், தரை கிடுகிடுங்குது. வெளிய ஓடி வந்து பாத்தா ஃபேக்டரிக்கு மேல இருந்த சரிவைக் காணோம். ஜெனரேட்டர் ஷெட்டையும் காணோம். சேறுதான், ஓடை வரைக்கும் சேறு. வாய்க்கால் அடைச்சுக்கிச்சுன்னு மம்பட்டியைத் தூக்கிட்டுப் போன ஆளுங்கள்ல மத்தவங்க ஓடி வந்துட்டாங்க. அவரு மட்டும் வரல.

ஆம்பளைங்கெல்லாம் ஷெட்டு இருந்த இடத்துல தோண்டினாங்க. தோண்டத் தோண்டச் சேறு சரிஞ்சு மூடுச்சு. தீயணைப்பு வண்டி கீழ கொண்டைஊசி வளைவுல மாட்டிக்கிச்சாம், ரோடே இல்லையாம். மழைக்காலத்துக்குன்னு எஸ்டேட்டுலயே தங்கியிருந்த குழலி மேடம் முழங்கால் சேத்துல ஓடி வந்தாங்க.

"ஷெட்டு இருந்த இடத்துலதான் இருப்பாருன்னு சொல்ல முடியாது. சேறு ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போயிருக்கும். தகரத்துக்கு அடியில மாட்டியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் மூச்சு இருக்கும்"னாங்க. அப்புறம் சத்தமாக் கேட்டாங்க. "இவரு வாசனையோட வளத்த பூச்சி யாருகிட்டயாவது இருக்கா? யாருகிட்டயாவது?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என் பானையில இருந்தது என்னை மட்டும் தேடுற பூச்சி. வேற வாசனை கலக்காத சுத்தமான பூச்சி. சித்திரையில என் நெத்தியில வந்து உக்காந்து பேர் வாங்கிக் குடுத்துச்சே, அதோட கூடப்பிறப்பு. அந்தச் சுத்தத்தை வச்சு நான் என்ன பண்ண?

அப்பத்தான் அவளைப் பாத்தேன். கூட்டத்துக்குக் கடைசியில, தலையில சாக்கைப் போட்டுக்கிட்டு, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னா.

ரெண்டு புழுவும் செத்துப்போச்சுன்னு சொன்னாளே. எவ புழுவும் சாகலையே, இவளுது மட்டும் எப்படி ரெண்டும் சாகும்? ஒத்திகையில பறக்க விட முடியாத பூச்சின்னா அது எந்தப் பூச்சி? இத்தனை மாசம் நான் எதை நினைச்சு நினைச்சு வெந்தேனோ, அது அத்தனையும் உண்மையா இருந்தா, அவகிட்ட இருக்கும். உண்மை இல்லன்னா இருக்காது. அவகிட்ட இல்லன்னா அவரு செத்தாரு.

நான் கும்பிட்டேங்க. எங்க மாடசாமியையும் கும்பிட்டேன், அவளோட மாதாவையும் கும்பிட்டேன். தாயே, இவ உன் கால்ல கை வச்சுப் பண்ணின சத்தியம் பொய்யா இருக்கணும். எம்புருசன் இவகிட்டப் போயிருக்கணும். இவகிட்ட எதையாவது குடுத்திருக்கணும். இப்படி ஒரு வேண்டுதலை எந்தப் பொண்டாட்டியாவது வேண்டியிருப்பாளா?

சேத்துல விழுந்து எழுந்து அவகிட்டப் போனேன். "உன்கிட்ட இருக்கா?"ன்னேன்.

"இல்ல பவுனு."

"இருக்குன்னு சொல்லு."

"மாதா சத்தியமா எங்களுக்குள்ள..."

"சத்தியத்தைத் தூக்கி ஓடையில போடு! பெட்டியில என்ன துணி போட்ட? அதை மட்டும் சொல்லு." ஊரே பாத்துக்கிட்டிருந்துச்சு. அவ கண்ணு அங்கயும் இங்கயும் ஓடுச்சு. இத்தனை பேர் முன்னாடி இருக்குன்னு சொன்னா, அப்புறம் இந்த லயத்துல அவ தலை நிமிர்ந்து குடத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. எனக்கும் தெரியும். அவ ரெண்டு கையையும் பிடிச்சேன். "அக்கா, இருக்குன்னு சொல்லுக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அக்கான்னதும் அவ முகம் கோணிப்போச்சு. கையை உதறிட்டு லயத்தைப் பாத்து ஓடினா. இளைப்புக்காரி, அப்படி ஓடி நான் பாத்ததில்ல.

பானையை இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்தா. மூடியைத் திறந்தா. உள்ள ரெண்டு சுள்ளிக்கூடு, கீழ பச்சை மப்ளர். பொள்ளாச்சிச் சந்தையில பாத்துப் பாத்து நான் வாங்கிக் குடுத்த மப்ளர். பஸ்ஸுல தொலைச்சுட்டேன்னு சொன்ன மப்ளர். அதுக்காக அவரைத் திட்டி, ஒருவேளை சோறு போடாம விட்டிருக்கேன் நான்.

இருக்கட்டும். இருந்துச்சே, அது போதும். அந்த நேரத்துல சந்தோசம்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு கூட்டை எடுத்து அவ உள்ளங்கையில பொத்தினா. அவ கை ஐஸா இருந்துச்சு. சூடு ஏறல. "இங்க குடு"ன்னு அவ கைக்கு மேல என் கையை வச்சுப் பொத்தினேன். அவளோட கையைச் சூடாக்கிக்கிட்டு நான், என் புருசனோட பூச்சியைச் சூடாக்கிக்கிட்டு அவ. மேடம் எங்க தலைக்கு மேல குடையைப் பிடிச்சுக்கிட்டு வானத்தையே பாத்தாங்க. மழையில இது பறக்காது. "நிக்கணும், கொஞ்சமாவது நிக்கணும்"னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க.

மழை முழுசா நிக்கல, தூறலாச்சு. கூட்டோட அடியில இருந்து அது பிதுங்கி வந்துச்சு. ஈர இறக்கையை விரிச்சுக் காய வச்சு, அந்தப் பெரிய மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டுச்சு. எழும்பி என் முகத்துக்கிட்ட வந்துச்சு. உடனே விலகுச்சு. என்கிட்ட அவரு வாசனை கொஞ்சம்கூட மிச்சமில்லன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. தனிக்கொடியில காயப்போட்டவதானே நான். அப்புறம் சேத்துக்கு மேல போச்சு. ஷெட்டுப் பக்கம் போகவே இல்ல. கீழ, ஓடைக்கரையில சாஞ்சு கிடந்த பலா மரத்தைச் சுத்துச்சு, சுத்துச்சு, ஒரு இடத்துல உக்காந்துச்சு.

"அங்க! அங்க தோண்டுங்க!"ன்னு மேடம் கத்தினாங்க.

எல்லாரும் மம்பட்டியோட ஓடினாங்க. நான் வெறுங்கையால தோண்டினேன். "தவசி! தவசிமுத்து! தவசி!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அப்படித்தாங்க வந்துச்சு புருசன் பேரு என் வாயில. அவ ஒரு வார்த்தையும் கத்தல. உரிமை இல்லன்னு வாயை மூடிக்கிட்டுத் தோண்டினா. அதையும் நான் கவனிச்சேன்.

தகரம் ஒண்ணு கூரை மாதிரி கவிழ்ந்து அவரைக் காப்பாத்தியிருந்துச்சு. கால் ஒடிஞ்சிருந்துச்சு, மூச்சு இருந்துச்சு. முகத்துச் சேத்தை நான் துடைச்சேன். கண்ணைத் திறந்தாரு. "பவுனு"ன்னாரு. என் பேருதான். ஆனா பேரைச் சொல்றதுக்கு முன்னாடி கண்ணு என்னைத் தாண்டி ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்துச்சு. எனக்குத் தெரியாதா?

பூச்சி அவரு நெஞ்சுலயே செத்துக் கிடந்துச்சு. ரெண்டு நாள் ஆயுசுன்னாங்க, அதுகூட இல்ல. ஸ்ட்ரெச்சர்ல ஏத்துறப்போ யாரோ தட்டிவிட்டாங்க.

ஆஸ்பத்திரி வராந்தாவுல மேடம் என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சாங்க. "அவங்க பேருக்கு வந்த பெட்டி அது. அதுல உங்க வீட்டுக்காரரைத் தேடுற பூச்சியை வளத்திருக்காங்க"ன்னாங்க.

"தெரியும் மேடம். பாத்தேனே."

"அதைச் சொல்லலம்மா. மலை அவங்க வீட்டுப் பக்கம் சரிஞ்சிருந்தா? அவங்களைத் தேடிப் போக ஒண்ணுமே இல்ல. தெரிஞ்சுதான் பண்ணியிருக்காங்க. ஆளுக்கு ஒண்ணுதான்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

பொறாமை பொறாமைன்னு அதுவரைக்கும் நான் பட்டதெல்லாம் சும்மாங்க. சட்டைக்கும் மப்ளருக்கும் பட்டது. அன்னைக்கு அந்த வராந்தாவுலதான் நிஜமான பொறாமை வந்துச்சு. நான் என் பெட்டியில என் துண்டைப் போட்டேன். எனக்கு அப்படித் தோணவே இல்லையே. தாலி கட்டினவ நான். அவரை மண்ணுல இருந்து எடுக்கணும்னு, தன்னைத் தேட ஒரு பூச்சியும் வேண்டாம்னு இருந்தது அவ. அதுலயும் அவ என்னை முந்திட்டா.

இன்னொண்ணும் உறைச்சுச்சு. அவளைத் தேடிப் போறதுக்கு உலகத்துல ஒரே ஒரு பூச்சி இருந்துச்சு. அதைத்தான் நான் கோழிக்குப் போட்டேன்.

அவரு இப்ப கட்டையை ஊனி நடக்கிறாரு. நான் கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டு பேரு துணியும் மறுபடி ஒரே கொடியில காயுது. மழை விட்டதும் மேடம் புதுப் பெட்டிகளோட வந்தாங்க. என் பேருக்கு வந்த பெட்டியை வாங்கிக்கிட்டு நான் வீட்டுக்குப் போகல. அன்னைக்கு அவ வேலை செய்ற காட்டுக்குப் போனேன். லயத்துல யாரும் அவளோட சரியாப் பேசுறதில்ல. வரிசைக்குக் கடைசியில தனியாக் கொழுந்து கிள்ளிக்கிட்டிருந்தா.

"உன் துணி ஒண்ணு குடுக்கா"ன்னேன். "துவைக்காதது."

பெட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "எதுக்கு பவுனு?"

"எதுக்கா? நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? எங்கயாச்சும் மண்ணுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கலாம்னு பாக்கிறியா? அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

உடைஞ்ச பல்லு தெரியச் சிரிச்சா. உடனே அழுதா. "இது உன் பேருக்கு வந்ததாச்சே. அப்ப உனக்கு?"

"என்னை அந்த ஆளு தேடட்டும். கட்டையை ஊனிக்கிட்டே நொண்டி நொண்டித் தேடட்டும்."

தலையில கட்டியிருந்த துண்டை அவுத்துக் குடுத்தா. வாங்கிக்கிட்டு இறங்கி வந்தேன். வளைவு திரும்பி, அவ கண்ணுக்கு மறைஞ்சதும் நின்னேன். துண்டை மூக்குக்கிட்ட வச்சு இழுத்துப் பாத்தேன். தேயிலைக் கறை வாசம் இருந்துச்சு. வேர்வை இருந்துச்சு. இளைப்புக்குத் தடவுற தைலம் இருந்துச்சு. அவரு வாசனை இல்ல.

மடியில போட்டுத் திருப்பி, மறுபக்கத்தையும் மோந்து பாத்தேன். அப்புறம்தான் பெட்டிக்குள்ள விரிச்சேன்.